உப்புத் தண்ணீரில் ஃப்ளை ஃபிஷிங்: முதல் செட் வாங்குமுன் கேட்கும் கேள்விகள்

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பா விரிகுடாவை ஒட்டிக் குடியிருக்கிறேன். முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று நான் ஃப்ளை வீசுவதைப் பார்த்துவிட்டு, "நானும் ஆரம்பிக்கலாமா, என்ன வாங்கணும்?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்குத் தட்டச்சு செய்து அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். சொல்வதெல்லாம் இந்தக் கரையையும் இங்குள்ள மீன்களையும் வைத்துத்தான்: ஸ்னூக், ரெட்ஃபிஷ், கடல் ட்ரவுட், எப்போதாவது ஒரு குட்டி டார்ப்பன். குளிர்க்கடலுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

சாதாரணத் தூண்டிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம்தான் நரம்பை, அதாவது தூண்டில் நூலை, இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் கட்டிய கொஞ்சம் மயிர், கொஞ்சம் மினுக்கு இழை. அதை எவ்வளவு விசையாக எறிந்தாலும் காலடியில்தான் விழும். அதனால் கனத்தை லைனுக்குள் வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த லைன் காற்றில் மடங்கி விரிந்து போக, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஃப்ளை போய்ச் சேர்கிறது. இது ஒன்று புரிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இன்னொன்று: ஃப்ளை என்ற பெயரைப் பார்த்து ஈ, கொசு என்று நினைக்க வேண்டாம். கடலுக்குக் கட்டுவதெல்லாம் மடவைக் குஞ்சு, நெத்திலி, இறால், நண்டு இவற்றின் சாயல்தான்.

முதலில் எதை வாங்குவது? ராடா, ரீலா?

வீசும் கோலான ராடும் இல்லை, லைனைச் சுற்றும் உருளையான ரீலும் இல்லை. எந்த மீன் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மீன் தெரிந்தால் அது தின்னும் இரை தெரியும். இரை தெரிந்தால் ஃப்ளையின் அளவு தெரியும். அந்த ஃப்ளையைக் காற்றில் சுமந்து போக எவ்வளவு கனமான லைன் வேண்டும் என்பது அடுத்தது. அந்த லைனை வீசத் தோதான ராடு, அந்த லைன் கொள்ளுமளவு ரீல் என்று கடைசியில்தான் கைக்கு வரவேண்டும்.

கடைக்குள் நுழைந்தால் இந்த வரிசை அப்படியே திரும்பிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு ரீலை வைத்திருப்பார்கள். பளபளவென்று இருக்கும், சுற்றினால் கடிகாரம் மாதிரிச் சத்தம் வரும். நானும் அதில் விழுந்தவன்தான். ரீலுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு லைனில் மிச்சம் பிடித்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

எல்லாரும் 8 வெயிட் என்கிறார்கள். அந்த 8 எதன் எண்?

லைனின் கனத்துக்கான எண். லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை இருக்கிறதோ அதை வைத்து வரிசை எண் கொடுக்கிறார்கள். கிரெயின் என்ற பழைய அளவில் 5 வெயிட் லைன் 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். 8 வெயிட் 210 கிரெயின், சுமார் 13.6 கிராம். 10 வெயிட் 280 கிரெயின். ராடின் மேல் எழுதியிருக்கும் 8 என்பதற்கு ‘இந்த ராடு 8 வெயிட் லைனுக்கு வளையும்’ என்றுதான் பொருள். ராடின் எடை என்று நினைத்துத் தராசில் வைத்துப் பார்த்த நண்பர் ஒருவர் உண்டு.

நான் மேலே சொன்ன மீன்களுக்கு 8 போதும். பெரிய மடவைக் குஞ்சு அளவு ஃப்ளையைக்கூட ஓரளவு எறியும், கடற்காற்றைத் தாங்கும், நாள் முழுக்க வீசினாலும் தோள் கழன்றுபோகாது. நூறு பவுண்டு டார்ப்பனுக்கு 11 அல்லது 12 வெயிட் வேண்டும். அதை முதல் ராடாக வாங்கினால் அரை மணி நேரத்தில் கை சோர்ந்து, ராடு பரண் ஏறிவிடும்.

மலை ஓடையில் ட்ரவுட் பிடிக்க வாங்கிய 5 வெயிட் வீட்டில் இருக்கிறது. அது ஆகாதா?

காற்றில்லாத காலையில், சின்ன ஃப்ளையோடு, அடி நீளக் கடல் ட்ரவுட்டுக்கு ஆகும். ஆனால் இங்கே பத்து மணிக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிடும். உலோகக் கண் வைத்த ஃப்ளையை 5 வெயிட் லைன் இழுத்துப் போக முடியாமல் பாதியில் தொங்கிப்போய் உங்கள் பிடரியைத் தேடி வரும். மீன் மாட்டினாலும் சிக்கல்தான். மெல்லிய ராடு கடலில் ஓடும் மீனைத் திருப்பாது, சண்டை நீளும், விட்ட பிறகு மீன் பிழைக்காமலும் போகலாம். வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் பழக அந்த 5 வெயிட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ராடில் என்ன பார்க்க வேண்டும்?

9 அடி நீளம், நான்கு துண்டு. அடிப்பக்கத்தில் வயிற்றில் ஊன்றிக்கொள்ள ஒரு சின்னக் குமிழ் இருக்க வேண்டும். ரீலைப் பூட்டும் இடம் உப்புக்குத் தாங்கும் பூச்சுள்ள அலுமினியமாக இருக்கட்டும்.

வளைவு விஷயத்தில் ‘ஃபாஸ்ட்’ என்று போட்டதைத்தான் எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். காற்றைக் கிழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் விறைப்பான ராடு எப்போது வளைகிறது, எப்போது நிமிர்கிறது என்பது புதிதாகப் பிடிப்பவர் கைக்குத் தெரியாது. கையில் ஒரு கம்பு இருப்பது மாதிரிதான் இருக்கும். ‘மீடியம் ஃபாஸ்ட்’ என்று இருந்தால் அதை எடுங்கள். 200 டாலர் அளவிலேயே நல்லவை கிடைக்கின்றன. 900 டாலர் ராடு மோசம் என்று சொல்ல வரவில்லை. அந்த 700 டாலர் வித்தியாசம் முதல் இரண்டு வருடத்துக்கு உங்கள் கையில் தெரியாது, அவ்வளவுதான்.

உடைந்தால் மாற்றித் தரும் உத்தரவாதம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ராடை உடைப்பது பெரும்பாலும் மீன் இல்லை, கார் கதவு. என்னுடையதை உடைத்தது வரவேற்பறை சீலிங் ஃபேன்.

லைன் விலை 100 டாலரா? வெறும் கயிறுக்கா?

அந்தக் கயிறுதான் வீசப்படுகிறது. ராடு அதற்குக் கைப்பிடி. மொத்தப் பட்ஜெட்டில் கைவைக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

வாங்க வேண்டியது ‘வெயிட் ஃபார்வர்டு’ (முன்பகுதியில் கனம் கூடியது), மிதக்கும் ரகம், பெட்டியில் ‘டிராப்பிகல்’ அல்லது ‘வார்ம் வாட்டர்’ என்று இருக்க வேண்டும். இந்தக் கடைசிச் சொல்லைத்தான் நான் கவனிக்காமல் விட்டேன். முதல் வருடம், மலை ஓடைக்கு வாங்கிய குளிர்நீர் லைன் ஒன்று மிச்சம் இருந்தது. நம்பரும் 8தான், எதற்கு இன்னொன்று என்று அதையே ரீலில் சுற்றிக்கொண்டு ஜூலை மாத மதியத்தில் ஃபோர்ட் டி சோட்டோ பூங்காவின் புல்படுகையில் இறங்கினேன். முதல் பத்து வீச்சு சரி. அப்புறம் லைன் வெயிலில் இளகின ஜவ்வுமிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. விரலில் ஒட்டியது, ராடின் வளையங்களில் ஒட்டியது. 50 அடி போக வேண்டியது 25 அடியில் தொய்ந்து விழுந்தது. நாற்பது அடி தள்ளி ஒரு ரெட்ஃபிஷ் வாலைத் தண்ணீருக்கு மேல் தூக்கி நண்டைத் தோண்டிக்கொண்டிருந்தது. கடைசி வரை அதன் பக்கத்தில் என் ஃப்ளை போகவில்லை. அத்தனை விலை கொடுத்த ரீல் இடுப்புப் பக்கம் சும்மா மின்னிக்கொண்டிருந்தது.

வெப்ப நாட்டு லைனின் உள்நூலும் பூச்சும் விறைப்பாகச் செய்யப்பட்டவை. வெயிலிலும் இளகாது. அதையே குளிர்காலத்தில் வடக்கே கொண்டுபோனால் ஸ்பிரிங் கம்பிபோலச் சுருண்டு நிற்கும். இரண்டுக்கும் ஒரே லைன் ஆகாது.

பெட்டியில் கிரெயின் கணக்கையும் பாருங்கள். 8 என்று எழுதிவிட்டு உள்ளே அரை எண் கூடுதலான கனம் வைத்து விற்பது இப்போது சகஜம். புதியவர்களுக்கு அது உதவிதான், ராடு சீக்கிரம் வளையும். தெரியாமல் வாங்காமல் இருந்தால் சரி.

ரீலுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

ஓடை மீன்பிடிப்பில் ரீல் என்பது நூல்கண்டு மாதிரி, லைனைச் சுற்றி வைக்கும் இடம். கடலில் அப்படி விட்டுவிட முடியாது. மீன் ஓடும்போது ரீலின் டிராக், அதாவது பிரேக், திணறாமல் ஒரே சீராக லைனை விட வேண்டும். விக்கி விக்கி விட்டால் லீடர், அதாவது ஃப்ளைக்கு முன்னால் வரும் நரம்பு, அறுந்துவிடும். டிராக்கின் உள்ளே உப்பும் மணலும் போகாதபடி மூடி அடைத்த ரகமாக இருப்பது நல்லது. நடு உருளை பெரிதாக இருந்தால் ஒரு சுற்றுக்கு அதிக லைன் வரும், மீன் உங்களை நோக்கி ஓடி வரும்போது அதன் அருமை தெரியும். 120 முதல் 180 டாலருக்குள் இவை எல்லாம் உள்ள ரீல் இருக்கிறது.

எந்தக் கையால் சுற்றுவீர்கள் என்று கடையிலேயே முடிவு செய்து மாற்றி வாங்குங்கள். வலது கையால் வீசுபவர்களில் பலர் இடது கையால் சுற்றுவார்கள்.

லைனுக்கு அடியில் பேக்கிங் என்று ஒரு மெல்லிய நூல் போகும். 20 பவுண்டு இழுப்பைத் தாங்கும் டேக்ரான் இழை, 150 முதல் 200 கஜம். லைன் சுமார் 100 அடிதான், மீன் அதைத் தாண்டி ஓடினால் கை கொடுப்பது இதுதான். கடைக்காரர்கள் இயந்திரத்தில் சுற்றித் தருவார்கள், பெரும்பாலும் காசு வாங்குவதில்லை.

லீடர், டிப்பெட் என்கிறார்களே, குழப்பமாக இருக்கிறது.

தடித்த லைன் மீனின் தலைமேல் விழுந்தால் மீன் ஓடிவிடும். அதனால் லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒன்பதடி நரம்பு. அது முழுக்க லீடர். லைன் பக்கம் தடித்து, ஃப்ளை பக்கம் மெலிந்து வரும். மெலிந்த கடைசிப் பகுதி டிப்பெட்.

கடையில் முடிச்சில்லாத லீடர் கிடைக்கும். நீங்களே கட்டினால் மலிவு: 40 பவுண்டு நரம்பு ஐந்தடி, 30 பவுண்டு இரண்டடி, 20 பவுண்டு இரண்டடி. ஸ்னூக் இருக்கும் இடமென்றால் நுனியில் ஒரு அடிக்கு 30 அல்லது 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு சேர்க்க வேண்டும்.

அதை ஏன் சேர்க்க வேண்டும் என்பது ஒரு ஸ்னூக்கைக் கையில் பிடித்தால் தெரியும். பார்ப்பதற்கும் பதுங்குவதற்கும் நம் கொடுவா மாதிரியே இருக்கும், பக்கவாட்டில் மட்டும் கரிக்கோடு இழுத்தது மாதிரி ஒரு கறுப்புக் கோடு. வாய் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், விரலை விட்டால் கடிக்காது. வாயை நம்பிச் செவுள் மூடியைத் தொட்டுவிடாதீர்கள், அதன் விளிம்பு பிளேடு. மீன் தலையை ஒரு உதறு உதறினால் 20 பவுண்டு நரம்பு நறுக்கென்று போய்விடும். நரம்பு சுருளாமல் நேராகத் துண்டாகியிருந்தால், அறுத்தது செவுள் என்று புரிந்துகொள்ளலாம்.

ஃப்ளையை இறுக்கமான முடிச்சில் கட்டாமல் சின்ன வளையம் விட்டுக் கட்டப் பழகுங்கள். தடித்த நரம்பிலும் ஃப்ளை தாராளமாக ஆடும்.

எத்தனை ஃப்ளை வாங்கணும்? கடையில் நூறு வகை இருக்கிறதே.

மூன்று வகை, ஒவ்வொன்றிலும் மூன்று. போதும்.

முதலாவது கிளவுசர் மின்னோ. பென்சில்வேனியாவின் பாப் கிளவுசர், சஸ்குவஹானா ஆற்றின் நன்னீர் பாஸ் மீனுக்குக் கட்டியது, உலகம் முழுக்கக் கடலுக்குப் போய்விட்டது. முள்ளின் கழுத்தில் இரண்டு உலோகக் கண் இருக்கும். அந்தக் கனத்தால் தலை கீழாக இறங்கும், முள் முனை மேலே பார்க்கும், புல்லில் சிக்காது. வெள்ளையும் எலுமிச்சைப் பச்சையும் கலந்தது எடுங்கள்.

இரண்டாவது டிசீவர். லெஃப்டி கிரே 1950களின் கடைசியில் செசபீக் விரிகுடாவுக்காகக் கட்டியது. 1991இல் அமெரிக்கத் தபால்துறை இதை அஞ்சல்தலையிலேயே போட்டது. தண்ணீரில் நனைந்தால் மடவைக் குஞ்சுபோல ஒடுங்கும், தூக்கி வீசும்போது தண்ணீரை உதறிவிடும். முழு வெள்ளை போதும்.

மூன்றாவதாக ஏதாவது ஒரு இறால் ஃப்ளை, மணல் நிறத்தில். முள்ளின் அளவு 2 முதல் 1/0 வரை. முள் முனையில் பின்னோக்கி நிற்கும் சின்னச் செதிலை மட்டும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கு நல்லது என்பது ஒரு பக்கம். பின்காற்று திரும்பி ஒரு நாள் உங்கள் காதில் குத்தும்போது உங்களுக்கும் நல்லது.

மொத்தமாக 500 டாலர்தான். எப்படிப் பிரிப்பது?

ராடு 200, ரீல் 130, லைன் 100, லீடரும் ஃப்ளையும் 50, மீதி இடுக்கிக்கு. ராடு, ரீல், லைன் சேர்த்துக் கட்டி விற்கும் காம்போவும் வாங்கலாம். அதில் வரும் லைன் எந்த ரகம் என்று மட்டும் கேளுங்கள். பொதுவான லைன் என்றால் அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு வெப்ப நாட்டு லைன் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். பழைய ராடு வாங்குவதில் தப்பில்லை, பழைய லைன் மட்டும் வேண்டாம்.

ராடு, ரீல் தவிர வேறென்ன?

போலரைஸ்டு கண்ணாடி. செம்பு நிறம் அல்லது ஆம்பர் நிறக் கண்ணாடியில் ஆழமில்லாத தண்ணீரின் அடி தெளிவாகத் தெரியும். இது இல்லாமல் இறங்கினால் மினுங்கும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். கண்ணில் முள் குத்தாமல் காப்பதும் இதுதான்.

அடி தடித்த ஷூ. இங்கே சிப்பிப் படுகைகள் பாதத்தைக் கீறிவிடும், செருப்பு சேற்றோடு போய்விடும். திருக்கை மணலுக்கடியில் படுத்திருக்கும், அதனால் காலைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள். பாதத்தைத் தரையோடு தேய்த்து நகர்த்தினால் அதிர்வு தெரிந்து அது விலகிப் போய்விடும்.

இழுத்த லைன் தண்ணீரில் மிதந்து புல்லோடு பின்னிக்கொள்ளும். அதற்கு இடுப்பில் கட்டும் கூடை விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. பாத்திரம் கழுவும் செவ்வக பிளாஸ்டிக் தொட்டி ஒன்று எடுத்து, அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு, கேபிள் டையை விரல் நீளத்துக்கு முள்ளுமுள்ளாக நிற்கும்படி செருகி, எலாஸ்டிக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டேன். லைன் அந்த முட்களுக்கு இடையில் சுருளாக உட்காரும், சிக்காது. பார்க்கக் கேவலமாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். நாலு வருடமாக உழைக்கிறது.

எதை வாங்க வேண்டாம்?

பத்துப் பை வைத்த வெஸ்ட், இந்த வெயிலில் மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பு, ஃப்ளை கட்டும் உபகரணப் பெட்டி. கடைசியில் சொன்னதை அடுத்த வருடம் எப்படியும் வாங்குவீர்கள்.

உப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும் என்கிறார்களே?

தின்னும். ஒரே ராத்திரியில். வீடு வந்ததும் குளிக்குமுன் ராடையும் ரீலையும் கழுவுங்கள். டிராக்கைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு மெதுவாக ஓடும் நல்ல தண்ணீரில் ரீலைக் கழுவ வேண்டும். குழாயைப் பீய்ச்சினால் உப்பை நாமே உள்ளே தள்ளுவது போல் ஆகும். காய வைக்கும்போது டிராக்கை முழுக்கத் தளர்த்துங்கள். ராடின் துண்டுகளைக் கழற்றித் துடையுங்கள், ரீலைப் பூட்டிய இடத்தையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் பூட்டு அசையாது. நனைந்த ஃப்ளையைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தால் ஒன்றின் துரு பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஏறும்.

கொசு மருந்து பூசிய கையால் லைனைத் தொடாதீர்கள். டீட் என்ற ரசாயனம் உள்ள மருந்து லைனின் பூச்சைக் கரைத்துவிடும்.

லைசென்ஸ் வேண்டுமா?

ஃபுளோரிடாவில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேண்டாம். குடியிருப்பவர்கள் கரையிலிருந்து பிடிக்க இலவச லைசென்ஸ் உண்டு, வெளியூரார் காசு கொடுத்து எடுக்க வேண்டும். ஸ்னூக்குக்குத் தடைக்காலம் உண்டு, விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், போகுமுன் மாநில மீன் வனவிலங்கு ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்த டார்ப்பனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால் படம் எடுக்கக்கூடத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கக் கூடாது.

மச்சானுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு ராடு வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன்.

அவர் ஏற்கெனவே வீசுபவர் என்றால் ராடு வாங்காதீர்கள், மனசுக்குள் வேறொன்று வைத்திருப்பார். புதியவர் என்றால் இரண்டு மணி நேரப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிக் கொடுங்கள். என் தப்பைத் திருத்த எனக்கு ஒரு வருடம் ஆனது. வகுப்பில் அதை முதல் இருபது நிமிடத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்: மணிக்கட்டை மடக்கி மடக்கி வீசிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா?

நான்கு துண்டு ராடு வாங்கச் சொன்னதில் இதுவும் ஒரு காரணம், ராடுக் குழாயில் போட்டால் சுமார் இரண்டரை அடிதான் இருக்கும். முள்ளும் இடுக்கியும் கையோடு வேண்டாம், சரக்குப் பெட்டியில் போடுங்கள். மான் மயிரில் கட்டிய ஃப்ளைகளை இங்கேயே விட்டுவிட்டுச் செயற்கை இழையில் கட்டியதை எடுத்துப் போங்கள், நம்மூர் விமான நிலையத்தில் மான் வாலுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். கழிமுகக் கொடுவாவுக்கும் சின்னப் பாரைக்கும் இதே 8 வெயிட் சரியாக வரும். சீலா கடித்தால் நரம்பு நிற்காது, ஒரு சாண் மெல்லிய கம்பி வைத்துக்கொள்ளுங்கள்.

போன டிசம்பரில் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கம் நின்று வீசிக்கொண்டிருந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து டிசீவரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதுல இரையே இல்லையே தம்பி?" என்றார். இரை மாதிரி நடிக்கும் என்றேன். சிரிக்கவில்லை. நான் நாலு முறை வீசி நாலும் சுருண்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு, "அந்தத் திட்டுல ஏறி நில்லுங்க, காத்து முதுகுப் பக்கம் வரும்" என்றார். ஏறி நின்றேன். அறுபதடி போனது.